பின்வரிசை மனை

மனை பார்க்கப் போன முதல் நாளே விற்பனைப் பிரிவுத் தம்பி எங்களை நேராகக் கடலோரத்துக்குத்தான் கூட்டிப் போனார். 2021 பிப்ரவரி மாதம், காலை ஏழு மணி. கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில் ஓர் இடம். சவுக்குத் தோப்பு முடிந்து மணல்மேடு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, "இதுதான் சார் முதல் வரிசை. ரெண்டே மனைதான் பாக்கி" என்றார். என் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிட்டாள். கையில் இருந்த வண்ணப் புத்தகத்தில் கிழக்கு முழுக்கக் கண்ணாடிச் சுவர், கடலோடு சேர்ந்துவிடுவது போன்ற நீச்சல் குளம், வெள்ளை வெளேரென்று ஒரு வீடு. அன்றைக்கே முன்பணம் கொடுத்திருப்போம்.

என்னைத் தடுத்தது என் வேலைதான். மஸ்கட்டில் 22 வருடம் கடலோரக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தேன். உப்புக் காற்று ஒரு கட்டடத்தை எப்படித் தின்னும் என்பதைத் தினமும் பார்த்தவன். ஆனால் நம் ஊரில் கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்ற சட்டம் தெரியாது. சரி, அதைத் தெரிந்துகொண்டு பணம் கொடுப்போம் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு மாதம்தான்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது, பிறகு 2011-ல் மாற்றி எழுதினார்கள். அதன்படி உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, கரைப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. எங்கள் பகுதி போன்ற கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிதாக வீடு கட்டவே கூடாது. 200-லிருந்து 500 வரையிலும் வீடு என்பது பெரும்பாலும் அங்கேயே தலைமுறையாக வாழும் மக்களுக்கான அனுமதிதான். 2019-ல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமான ஊர்களில் அந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைக்கிறது. விற்பனைத் தம்பி அதைத்தான் எங்களிடம் சொன்னார். ஆனால் புதிய அறிவிக்கைக்கு ஏற்ற வரைபடம் ஒப்புதலாகும்வரை பழைய வரைபடமே செல்லும். அதை அவர் சொல்லவில்லை.

இந்தப் பகுதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாயில் ஓதம் ஏறி இறங்கும் நீளத்துக்கு அதன் கரையிலும் இதே சட்டம் உண்டு. ஆக, கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் கோடு விழுகிறது. நடுவில் மிஞ்சும் துண்டு நிலம்தான் தைரியமாக வாங்கக் கூடியது.

சர்வே எண்ணைக் கடலோர மண்டல வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்டச் சொல்லிக் கேட்டோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் உயர் அலைக் கோட்டைக் குறித்துத் தர முடியும். வேறு யார் போட்டுக் கொடுக்கும் படமும் செல்லாது. மனை விற்கும் நிறுவனம் இழுத்தடித்தது. அதற்குள் நான் ரெரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர்கள் பதிவெண்ணைப் போட்டுத் தேடினேன். பதிவு செய்த மனைப் பட்டியலில் முன்வரிசைகளே இல்லை! சாலையை ஒட்டிய பின்வரிசைகள் மட்டும்தான் இருந்தன. முன்வரிசையை வாங்கியிருந்தால் எங்கள் கையில் அழகான ஒரு மணல்திட்டும், அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாத பத்திரமும் இருந்திருக்கும். வெளிநாட்டில் உழைத்த காசை எத்தனை பேர் இப்படிக் கொடுத்திருப்பார்களோ என்று நினைக்கும்போது இன்னமும் வயிறு கலங்குகிறது.

பின்வரிசையில், 500 மீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு மனை வாங்கினோம். முப்பது வருட வில்லங்கம், பட்டா, புலப்படம் என்கிற சர்வே வரைபடம், நகர் ஊரமைப்பு இயக்கக ஒப்புதல் எல்லாம் வழக்கமான வேலைதான், வழக்கறிஞர் பார்த்துக்கொண்டார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து அப்போது 11 சதவீதம். புலப்படத்தில் மட்டும் ஒன்றைக் கவனித்து வைத்தேன். எங்கள் மனைப்பிரிவை ஊடறுத்துக் கடலுக்குப் போகும் ஒரு பழைய வண்டிப்பாதை அதில் குறிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வரைபடம் போட்டவர் இளம் ஆர்க்கிடெக்ட். முதல் படத்தில் அவரும் கிழக்கை முழுக்கக் கண்ணாடியாகத்தான் போட்டிருந்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். ஒரு சனிக்கிழமை முழுநாளும் மனையில் நாற்காலி போட்டு அவரோடு உட்கார்ந்தேன். காலையில் சூரியன் நேராக முகத்தில் அடித்தது, காற்றே இல்லை. மதியம் திரும்பியதும் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழுந்தது. மாலை வரை நிற்கவில்லை. அதன்பிறகு படம் தானாகவே மாறிவிட்டது. கிழக்கில் எட்டடி ஆழத் தாழ்வாரம், அதற்குள் ஒடுங்கிய சன்னல்கள். தென்கிழக்கு மூலையில் பெரிய திறப்பு. நடுவில் முற்றம். வடமேற்கில் காற்று வெளியேற வழி.

அம்மாவை முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ராவுக்குக் கூட்டிப் போனோம். லாரி பேக்கரின் கை பட்ட இடம் அது, 1996-ல் திறந்தது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி அங்கே எழுப்பியிருக்கிறார்கள். அம்மா செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "எனக்கு இந்த மாதிரி ஒரு திண்ணை வை, அது போதும்" என்றார். எங்கள் வீட்டில் ஆடம்பரம் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்தத் திண்ணையைத்தான். ஆத்தங்குடிக் கல் பதித்தது.

இனி காங்கிரீட். அனுமதி கொடுத்தால் இதைப் பற்றி மட்டுமே பத்துப் பக்கம் எழுதுவேன்.

கடலோர வீட்டில் முதலில் சாவது கம்பிதான். உப்பு காங்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதியது காங்கிரீட்டைப் பிளக்கும். பக்கத்து மனைப்பிரிவில் பதினைந்து வருடமே ஆன ஒரு பங்களாவின் கூரை அடிப்பாகம் உரிந்து கம்பி வெளியே தெரிவதைப் பார்த்தோம். உள்ளே இத்தாலியப் பளிங்குத் தரை போட்டிருந்தார்கள்.

காங்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் 456, கடற்கரைச் சூழலைக் 'கடுமை' என்று வகைப்படுத்துகிறது. குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் காங்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். கடல்நீர்த் தெளிப்பு படும் இடமென்றால் 'மிகக் கடுமை': எம்35, 50 மில்லிமீட்டர். எங்கள் மனைக்கு முதலாவதே போதும் என்றார் பொறியாளர். நான் இரண்டாவதைக் கேட்டேன். இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டும் போடச் சொன்னேன், அது உப்பை மெதுவாகத்தான் உள்ளே விடும். கம்பி கட்டுகிற மேஸ்திரிக்கு ஆச்சரியம்.

"கம்பிக்கு மேல ரெண்டு இஞ்ச் காங்கிரீட்டா? எதுக்கு சார்?"

பக்கத்துப் பங்களாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பார்த்தார். மறுநாளிலிருந்து அவரே, கம்பிக்கு அடியில் அந்த இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஆரம்பித்தார். கட்டுக்கம்பியின் நுனி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே மடக்கிவிடுவார். அந்த நுனி வழியாகத்தான் துரு முதலில் எட்டிப் பார்க்கும் என்று நான் ஒரு தரம் சொன்னதை அவர் மறக்கவே இல்லை. வீடு நிற்பது அவர் கையால்தான்.

தண்ணீரில் ஒரு சண்டை வந்தது. ஒப்பந்ததாரர் மனையில் போட்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்கும் நனைப்புக்கும் எடுக்கத் தொடங்கிவிட்டார். வாயில் வைத்தாலே உப்பு. பரிசோதனைக்கு அனுப்பினோம். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் வரம்பு, இது அதைவிட மிக அதிகம். வேலையை நிறுத்தினேன். அதன்பிறகு கடைசிவரை லாரித் தண்ணீர்தான். செலவு கூடியது, ஒப்பந்ததாரர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மேல்தளம் போட்டு முட்டுகள் பிரிக்காமல் இருந்த நேரம் மாண்டஸ் வந்தது. 2022 டிசம்பர் 9 இரவு, மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்த புயல். சென்னை வட்டாரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்று கணக்கிடுகிறோம், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மாண்டஸ் அவ்வளவு இல்லை. இருந்தும் அன்றிரவு நான் தூங்கவில்லை. விடிந்ததும் போனேன். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுக்கி வைத்திருந்த கம்பி முழுக்க உப்புப் படிந்திருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, தேய்த்து, பிறகே கட்டினோம்.

கடலோரத்துக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். பார்ட்டி நடத்துவதற்காக நிறுவனம் மணல்மேட்டைச் சமப்படுத்தி வைத்திருந்த இடத்தில் கடல் உள்ளே வந்து குடிசையை அடித்துப் போயிருந்தது. பக்கத்திலேயே அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேடு அப்படியே நின்றது. குடியிருப்போர் சங்கம் அமைந்த பிறகு நாங்கள் எடுத்த முதல் தீர்மானம், அந்த மேட்டில் இனி யாரும் மண் எடுக்கக் கூடாது என்பது. தோட்டத்துக்குப் புல்தரை வேண்டாம், புன்னையும் பூவரசும் தாழையும் வைப்போம் என்பது அடுத்தது. புல்தரை குடிக்கும் தண்ணீருக்கு இங்கே கணக்கே இல்லை. இந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஆழமாகத் துளைத்து மோட்டாரில் இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அதனால்தான் நீச்சல் குளத்தைக் கைவிட்டு, ஆழமில்லாத உறைகிணறு ஒன்று இறக்கி, மாடியில் விழும் மழையை முழுக்க அதில் விட்டோம். இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிறது.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். மாடிப்படிக் கைப்பிடி, கீல், திருகாணி எல்லாம் 316 வகை எவர்சில்வர் என்று பில் போட்டு வாங்கினோம். ஆறு மாதத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு இறங்கியது. 316-ல் மாலிப்டினம் கலந்திருக்கும், உப்பைத் தாங்குவது அதனால்தான். ஒரு சொட்டு சோதனை மருந்து விட்டு அது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எங்களுக்கு வந்ததில் இல்லை. கடைக்காரர் பாதியை மாற்றிக் கொடுத்தார், மீதி எங்கள் கைக்காசு. பொருள் இறங்கும்போதே சோதித்திருக்க வேண்டும்.

2024 தையில் குடிவந்தோம். சங்கம், பராமரிப்புத் தொகை எல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். மாதத் தொகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி வரும் என்பதால் அதைச் சுற்றியே பல கூட்டம் நடந்தது. என்னை உண்மையில் கலங்க வைத்தது கிழக்கு வாசல் விவகாரம்.

அந்த வண்டிப்பாதை நினைவிருக்கிறதா? பக்கத்துக் குப்பத்து மக்கள் காலங்காலமாக அதில்தான் சாலைக்கு வருகிறார்கள். பெண்கள் மீன்கூடையோடு பேருந்துக்குப் போவதும் அதில்தான். சிலர் பாதுகாப்பு என்று சொல்லி, அந்தப் பாதை உள்ளே வரும் கிழக்கு வாசல் கதவைப் பூட்ட வேண்டும் என்றார்கள். பொதுக்குழுவில் இரண்டு தாள்களை வாசித்தேன். ஒன்று புலப்படம். இன்னொன்று, மனைப்பிரிவு ஒப்புதலின்போது உள்சாலைகளை ஊராட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம். நம் சுற்றுச்சுவருக்குள் ஓடும் சாலை நம்முடையதே அல்ல, ஊருடையது. நம் ஊரில் மனைப்பிரிவில் வீடு வாங்கும் பலருக்கு இது தெரிவதில்லை. வாக்குவாதம் இரவு பத்து வரை போனது. கடைசியில் பூட்டில்லாமல் ஒரு நடைக்கதவு என்று முடிவானது. கீல் 316, நானே சோதித்து மாட்டினேன்.

மறுநாள் குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து பேசினார். போகும்போது என்னிடம், "தம்பி, கடல் பக்கம் போட்டிருக்கிற அந்த வெள்ளை லைட்டைக் கொஞ்சம் அணைங்க. தையிலிருந்து பங்குனி ஆமை முட்டை போட ஏறும். குஞ்சு பொரிச்சதும் வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுக்கு வந்துடுது" என்றார்.

இப்போது ஜனவரி முதல் மே வரை எங்கள் கிழக்குப் பக்க விளக்குகள் இரவில் எரிவதில்லை. போன மார்ச்சில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு அதே பெரியவர் நடைக்கதவு வழியாக வந்து எங்களை எழுப்பினார். நானும் மனைவியும் டார்ச் இல்லாமல் அவர் பின்னால் போனோம். அடப்பங்கொடிக்குப் பக்கத்தில் ஆமை முட்டையிட்டு முடித்து, பின்துடுப்பால் மணலை மூடிக்கொண்டிருந்தது. நாங்கள் முதல் நாள் மனை பார்த்து நின்ற இடத்திலிருந்து முப்பது அடி இருக்கும்.