ஆட்டுப் புழுக்கையில் முட்டை எண்ணுவது: கால்நடை மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், லயத்துக்குப் பின்னால் நாலைந்து ஆடு கட்டியிருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் கால்நடை மருத்துவம் படிக்க வரவேண்டும். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் மலேசியா கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் இது ஐந்தாண்டுப் படிப்பு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு எஸ்.டி.பி.எம். ஆகட்டும், மெட்ரிகுலேஷன் ஆகட்டும், உயிரியலும் வேதியியலும் கைக்குள் இருக்கவேண்டும். நேர்முகத் தேர்வும் உண்டு. பட்டம் வாங்கியதும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தால்தான் தொழில் செய்யலாம்.

உடற்கூறியல் பெரும்பாலும் மனப்பாடம், அதை எப்படியும் தாண்டிவிடலாம். ஒட்டுண்ணியியல் ஆய்வுக்கூடத்தில்தான் கொட்டகை பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும் ஆட்டை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் ஹீமாங்கஸ் புழுவின் வேலை அது. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி போகிறது, சின்ன ஆடு தாங்குமா?

புழுக்கையோடு எத்தனை புழு முட்டை போகிறது என்று எண்ணிப் பார்க்கும் முறைக்கு மெக்மாஸ்டர் என்று பெயர். புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல், கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே எடுங்கள். பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஒரு நாளிலேயே முட்டை பொரிந்து, எண்ணிக்கை பொய்யாகிவிடும். உறையவும் விடக்கூடாது. சுடுதண்ணீரில் சமையல் உப்பை, இனிக் கரையாது என்று அடியில் தங்கும்வரை போட்டு ஆறவிடுங்கள். 3 கிராம் புழுக்கையை இந்த உப்புநீர் 42 மில்லியில் நன்றாக மசித்து, டீ வடிகட்டியில் வடிகட்டிக் கலக்குங்கள். கலக்கிய கையோடு பிப்பெட்டில் உறிஞ்சி, எண்ணுவதற்கென்றே கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லின் இரண்டு அறைகளையும் நிரப்பவேண்டும். தாமதித்தால் முட்டைகள் மேலே ஏறிவிடும், உறிஞ்சும் பங்கில் அவை சரியாக வராது. ஐந்து நிமிடம் விட்டு, நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்ஸில் கட்டங்களுக்குள் இருப்பதை மட்டும் எண்ணி 50ஆல் பெருக்கினால், ஒரு கிராமில் உள்ள முட்டைக் கணக்கு வரும்.

எண்ணும்போது கண்ணை ஏமாற்றுவது காற்றுக் குமிழி. கருப்பாகத் தடித்த வளையம் தெரிந்தால் அது குமிழி. முட்டையின் ஓடு மெல்லியது, உள்ளே கொத்தாக உயிரணுக்கள் தெரியும். சில்லை அதிக நேரம் வைத்தால் உப்பு படிந்து முட்டை சுருங்கிப் போகும். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புநீரில் மிதக்காது. ஆகவே இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து ஈரல் புழு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அதற்குப் படியவிட்டுப் பார்க்கும் முறை வேறு.

இவ்வளவு மெனக்கெட என்ன அவசியம் என்றால், மருந்து கேட்காமல் போவதுதான். ஆட்டின் உடல் புழு மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். செம்மறி அளவிலேயே கொடுத்தால் மருந்தைத் தாங்கும் புழுக்கள் பிழைத்துப் பெருகிவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பாக ஊற்றவும் முடியாது. லெவாமிசோல் போன்றவை கொஞ்சம் மிஞ்சினாலே விஷம். எடை போட்டு, மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்துவிட்டு, 10 முதல் 14 நாளுக்குள் மறுபடியும் எண்ணுங்கள். முட்டை எண்ணிக்கை முன்பு இருந்ததில் 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்தைச் சந்தேகிக்கவேண்டும். கூடவே, பனி காய்ந்த பிறகு ஆட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்: ஈரப் புல்லில்தான் குஞ்சுப் புழு நுனிவரை ஏறி நிற்கும்.