முதுகு சாய ஒரு நாற்காலி

மருத்துவக் கல்லூரியில் சமுதாய மருத்துவம் கற்பிக்கிறேன். மாணவர்கள் எங்கள் துறைக்கு ஆசைப்பட்டு வருவதில்லை. இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் அறையின் திரையில், அடைபட்ட குழாய் திறந்துகொள்வதை ஒருமுறை பார்த்துவிட்டவர்களுக்கு, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்ப்பது ஒரு வேலையாகவே தோன்றாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிழைத்தவர் கையெடுத்துக் கும்பிடுவார். வராமலே போன மாரடைப்புக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்?

இதய நோயைத் தடுப்பது பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, ஒரே ஒரு நோயாளியிடம் மாணவனை ஒழுங்காக உட்கார வைப்பது மேல் என்று இத்தனை ஆண்டுகளில் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு ஒரு காலை, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த பாட்டி ஒருவர் முக்காலியில் உட்கார்ந்த கையோடு, பயிற்சி மருத்துவர் ரவிக்கைக் கையின் மேலேயே ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றினார். 168/100. சீட்டில் மாத்திரையைக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். மருத்துவ அலுவலரின் அறையிலிருந்து முதுகு சாயும் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னேன். பாதம் இரண்டும் தரையில், கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில், ஐந்து நிமிடம் பேச்சே கூடாது. ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தோம். சராசரி 150/92. குறைந்திருந்தது, ஆனாலும் அதிகம்தான்.

"இப்போது மாத்திரையைக் கூட்டலாமா, சார்?"

"முதலில் அவரிடம் பையைக் கேளுங்கள்."

பாட்டி மஞ்சள் பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். போன மாதம் கொடுத்தவை 30. எண்ணினால் 19 மீதம் இருந்தன. "தலை கனக்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்வேன், தம்பி. நன்றாக இருக்கிறபோது எதற்கு மருந்து?" என்றார். அந்த மாணவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்ததை நான் கவனித்தேன். அன்றைய பாடம் அதுதான்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் மாத்திரை பலருக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பெரிய காரியம் அது. ஆனால் வாசலிலிருந்து வாய்வரை இன்னும் ஒரு தூரம் இருக்கிறது. அதைக் கடக்க வைப்பது பேச்சுதான். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "வாரத்தில் எத்தனை நாள் தவறிப்போகிறது?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் புதிதாக வேலையில் சேர்ந்த காலத்தில் ஒருவருக்கு மாதாமாதம் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனேன், ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் பக்கவாதத்தில் விழுந்தபின் அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். உள்ளே நான் எழுதிக் கொடுத்த மாத்திரைகள், பிரிக்காத அட்டைகளாகவே இருந்தன. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீடுகளுக்குப் போகும் நாட்களில் மாணவர்களை நேராக அடுப்படிக்கு அனுப்புகிறேன். "உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேட்க வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் இருக்கும் வீட்டில் 20 கிராம் என்றால் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். நாங்கள் போன ஒரு வீட்டில் 28 நாள்தான் வந்தது, ஆளுக்கு ஏறக்குறைய 9 கிராம். கடை ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்கில் சேரவில்லை. வடிகஞ்சியோடு கொஞ்சம் உப்புப் போயிருக்கும், ஆகவே இது உத்தேசக் கணக்குதான். ஆனாலும் அந்த வீட்டு அம்மா விரல்விட்டுத் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எங்கள் அறிவுரை எதற்கும் அவர் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

பீடி விஷயத்தில் நாங்கள் இன்னும் தடுமாறுகிறோம். வயது, புகை, ரத்த அழுத்தம், உடல் எடை ஆகியவற்றை வைத்துப் பத்தாண்டு ஆபத்தை நிறத்தில் காட்டும் அட்டவணையை விவசாயி ஒருவரிடம் மாணவி காட்டினார். "பத்து வருஷம் கழித்து வருவதற்கு இன்றைக்கே ஏன் அம்மா விடவேண்டும்?" என்று கேட்டார் அவர். மாணவிக்குப் பதில் வரவில்லை. பீடியை விட்ட ஒரே ஆண்டில் மாரடைப்பு அபாயம் பாதியளவு இறங்கிவிடும் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். விட்டாரா என்றால், இன்னும் இல்லை. மாணவி அடுத்த முறையும் அவரைத் தேடிப் போயிருக்கிறார்.

பாட்டியைப் பார்த்த நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து அந்தச் சுகாதார நிலையத்துக்கு மறுபடி போனேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்கு முன்னால் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அடுத்து வர வேண்டிய மூன்று பேர் சுவரில் சாய்ந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி. முக்காலியைக் காணவில்லை.