கல்லடி மணலில் ஒரு பராகிளைடர்: இரண்டு பருவம் முடிந்தது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பருவத்திலும் மணலில் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள் 31. ஒழுங்காக வருகிறவர்கள் 9 பேர். விங் (பராகிளைடரின் துணிச் சிறகு) 3, அதில் ஒன்று இனிப் பறக்க உதவாது. கல்லடிக் கடற்கரையிலிருந்து இதுவரை ஆகாயத்துக்கு எழும்பியவர்கள்: ஒருவரும் இல்லை.

கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நீங்க கோழிப்பண்ணையா நடத்துறீங்க?" என்று கேட்டார். சிரிக்கட்டும். மலையும் இல்லாமல், பழக்கிவிட ஆளும் இல்லாமல், மட்டக்களப்பு மாதிரித் தட்டையான ஊரில் இதைத் தொடங்கினால் முதல் இரண்டு வருடம் மண்ணில்தான் போகும். அது எனக்கே பிந்தித்தான் விளங்கியது.

2023 கார்த்திகையில் மகாராஷ்டிராவிலுள்ள காம்ஷெட்டுக்குப் போய் ஒரு வாரம் பராகிளைடிங் பழகினேன். சின்ன மேடு, கீழே காய்ந்த வயல், காலையில் ஏறு, இறங்கு, திரும்ப ஏறு. நான் பறந்த நேரமெல்லாம் கூட்டினால் ஒரு மணித்தியாலம்கூட வராது. ஆனால் கால் தரையை விட்ட அந்த முதல் ஐந்து வினாடி இருக்கிறதே, அதோடு ஆள் சரி. திரும்பி வரும்போது பையில் ஒரு பழைய விங் இருந்தது. தொடக்கக்காரருக்கான ஏ வகுப்பு, 26 சதுர மீற்றர், 75 முதல் 95 கிலோ வரை எடை தாங்கும். இதை விங் என்றுதான் சொல்வது வழக்கம். பாரசூட் விழுகிற வேகத்தைக் குறைக்கும். இது முன்வாயால் காற்றை வாங்கி அறை அறையாக உப்பி, விமானச் சிறகின் வடிவத்துக்கு வந்து, ஒரு மீற்றர் இறங்குவதற்குள் எட்டு மீற்றராவது முன்னே போகும்.

2024 மாசியில் முதல் ஞாயிறு. விங்கை விரித்து முடிப்பதற்குள் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "படகு எங்க?" படகு இழுக்க மேலே போகிற பாராசெயிலிங் என்று நினைத்துவிட்டார்கள். படகு இல்லை, காற்றுத்தான் என்றேன். ஒரு வயதானவர், "அப்ப பட்டம். வாலில நீ" என்றார். அதைவிடச் சுருக்கமாக இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

அன்று கூட்டத்தில் நின்ற மூன்று பேர் இன்னும் வருகிறார்கள். காத்தான்குடித் தையல்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது) ஒருவர், செங்கலடியிலிருந்து வரும் தாதித் தங்கச்சி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த தம்பி. மற்றவர்கள் பிறகு சேர்ந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் நின்றதுமில்லை. பறக்கலாம் என்று வந்தவர்கள் இரண்டாம் கிழமையே போய்விட்டார்கள். துணியோடு மல்லுக்கட்டுவதே பிடித்துப்போனவர்கள்தான் நிற்கிறார்கள்.

அந்த மல்லுக்கட்டுக்குப் பெயர் கிரவுண்ட் ஹேண்ட்லிங். நாங்கள் மண் பயிற்சி என்கிறோம். காற்றுக்கு முதுகைக் காட்டி விங்கைப் பார்த்தபடி நிற்க வேண்டும். முன்வரிசை நூல்கள் சேரும் ரைசரை மெதுவாக இழுத்தால் துணி சுவர் மாதிரி எழும்பித் தலைக்கு மேலே வரும். வந்ததும் பிரேக்கை, அதாவது விங்கின் பின்விளிம்பை இழுக்கும் கைப்பிடியை, தொட்டு நிறுத்த வேண்டும். தொடாவிட்டால் முன்னுக்குத் தாண்டி மடிந்து விழும். கூடத் தொட்டால் பின்னுக்கு இழுத்து ஆளை உட்கார்த்தும். கண்ணால் பார்த்துச் செய்தால் எப்போதும் அரை வினாடி பிந்தும். இடுப்பில் ஹார்னஸ் (விங்கோடு ஆளைப் பிணைக்கும் பட்டி) எந்தப் பக்கம் பாரமாகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். எனக்கு அது வர நான்கு மாதம் எடுத்தது. தாதித் தங்கச்சிக்கு மூன்று ஞாயிறு. நான் பலத்தால் இழுத்தேன், அவள் இரண்டடி பக்கவாட்டில் நடந்து விங்குக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். அவ்வளவுதான் வித்தியாசம். சுடிதாருக்கு மேல் கால்பட்டிகளை மாட்டுவது கரைச்சலாக இருந்தது. காக்கா பட்டிக்குள் வைக்க மெத்தென்று ஒரு உறை தைத்துக் கொடுத்தார். விங்கில் மட்டும் அவரை ஊசி வைக்க விடுவதில்லை. சின்னக் கிழிசலுக்கு ரிப்ஸ்டாப் ஒட்டுநாடாதான்.

மணல் என்றாலே மெத்தை என்று நினைத்திருந்தேன். கடற்கரை முழுக்க அடம்பன் கொடி. விங்கின் நூல்களில் மெல்லியவை நூல்கண்டு நூலைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அவை கொடிக்குள் போனால் ஒவ்வொன்றாக எடுக்க அரை மணித்தியாலம் வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியதன் அருத்தம், அதற்குள் முழங்காலில் உட்கார்ந்து நூல் பிரித்த அன்றுதான் புரிந்தது. மேலே கொஞ்சம் தள்ளிப் போனால் இராவணன் மீசைப் புல். அது துணியையே குத்தும். இப்போது முதலில் வருகிறவர் செய்யும் வேலை, ஈர்க்குவிளக்குமாறால் முப்பது அடி சதுரம் கூட்டுவது. தூண்டில் முள், போத்தல் ஓடு, ஒருமுறை பழைய வலைத்துண்டோடு இரண்டு உயிர் நண்டு.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எல்லாமே அதுதான்.

கைபேசியில் மூன்று வானிலைச் செயலிகள் வைத்திருக்கிறேன். மூன்றும் மூன்று சொல்லும். கரைவலை இழுக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். அவர் ஒன்றுதான் சொல்வார், அது நடக்கும். மாசி, பங்குனியில் வாடை தணிந்து கடலிலிருந்து சீராக வரும் காற்றுத்தான் எங்களுக்கு வாய்ப்பு. தடுக்க ஒன்றும் இல்லாத நீர்மேல் நெடுந்தூரம் வருவதால் குலுக்கல் இல்லாத காற்று. மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் என்றால் பழகுகிறவர்களுக்குக் கச்சிதம். 20 ஐத் தாண்டினால் புதியவர்கள் கிட்ட வரக்கூடாது. வேகம் இரட்டித்தால் துணியில் விழும் விசை நான்கு மடங்கு. 12 இல் விளையாடியவரை 24 தூக்கி எறியும். சித்திரையில் காலை காற்றே இருக்காது. தரை சூடேறிப் பதினொரு மணிபோலக் கடற்காற்று எழும்பும், மூன்று மணிக்கு முறுக்கும், ஐந்துக்கு மேல் இளகும். அந்த ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட நேரம் பொன். சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் மட்டும் நிற்கக்கூடாது. காற்று மரத்தில் ஏறி அந்தப்பக்கம் சுருண்டு விழும். மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது, துணி மட்டும் பேய் பிடித்த மாதிரி ஆடும்.

வைகாசி பிறந்தால் கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப்பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும். எங்களுக்குச் சூடு பிரச்சினையில்லை, திசைதான் பிரச்சினை. மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு வந்து நேரே கடலுக்குப் போகிற காற்று அது. அதில் எழும்பினால் அடுத்த தரை அந்தமான் பக்கம்.

இது புத்திக்குத் தெரிந்திருந்தும் 2024 வைகாசியில் ஒரு பிழை விட்டேன். காலை எட்டரைக்கு, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை தொங்கிக் கிடந்தது. அது பழைய குடைத்துணியில் காக்கா தைத்தது. அசைவே இல்லையே, விங்கை இழுத்தபடி முன்னோக்கி ஓடிப் பழகலாம் என்று உயர்தரத் தம்பியை மாட்டிவிட்டேன். அவன் 48 கிலோ. விங் கேட்பது 75. ஒன்பதரைக்கு முதுகுப் பக்கமாக ஒரு சூடு வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் விங் தானாக எழும்பிவிட்டது. பயத்தில் அவன் இரண்டு பிரேக்கையும் முழுதாக இழுத்துப் பிடித்தான். அதுதான் செய்யக்கூடாதது. பின்வரிசை ரைசரை இழுத்திருந்தாலோ, ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் சுருட்டி விங்கை நோக்கி ஓடியிருந்தாலோ துணி செத்துவிடும். இரண்டையும் இழுத்தால் அது பாய்மரம். இருபது மீற்றர் மணலில் இழுபட்டுப் போனான். விங்கின் முன்வாய் அலையில் விழுந்தது.

தண்ணீர் புகுந்த விங்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு அறையும் ஒரு சாக்கு. அலை திரும்பும்போது அத்தனை சாக்கும் சேர்ந்து ஆளை உள்ளே இழுக்கும். கரைவலைக் கயிற்றை விட்டுவிட்டு மாமாவும் இன்னொருவரும் ஓடிவந்து துணிமேல் விழுந்து படுத்தார்கள். எனக்கு அந்த நேரம் விங்கையும் ஹார்னஸையும் இணைக்கும் கொளுவியான காராபினரைக் கழற்றக் கை வரவில்லை, மாமாதான் கழற்றினார். தம்பிக்கு முழங்கையும் முழங்காலும் உரஞ்சல், வேறொன்றுமில்லை. துணியைக் கரைக்கு இழுத்துப் போட்டபின் மாமா சாரத்தைப் பிழிந்துகொண்டே, "மீன் பட்டிருந்தா பங்கு கேட்டிருப்பேன் மனே" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இங்கே எழுதக்கூடியதல்ல.

அன்று மாலை தம்பியின் அம்மா வீட்டுக்கு வந்தார். நாவலடியில் 2004 இல் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த குடும்பம். அவர் ஏசவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் நாங்கள் பையைத் திறக்கவே இல்லை.

அதன்பிறகு வந்த விதிகள் மூன்றுதான். படுவான்கரைக் காற்றில் விங் பையைவிட்டு வெளியே வராது, அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஹெல்மெட் போட்ட பிறகுதான் காராபினர். எடை குறைந்தவருக்குப் பின்னால் ஹார்னஸைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாடும் மீன் கேட்கிறதா இல்லையா என்று சண்டை பிடிக்கிற கூட்டம் இது. இந்த மூன்றில் மட்டும் யாரும் வாய்திறப்பதில்லை.

நனைந்த விங்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தோம். உப்புப் பொடி துணிக்குள் இருந்தால் மடிக்கும்போதெல்லாம் அரம் மாதிரி அராவும். காய்ந்தபின் நூல்களை அளக்க வேண்டும். டைனீமா நூல் நாட்பட நாட்பட சுருங்கும். ஈரம்பட்டால் இன்னும் கூட. முன்வரிசை நூல்கள் பாரத்தில் இழுபட்டு நீளமாகவே நிற்கும், பாரம் குறைந்த பின்வரிசைதான் சுருங்கும். அளக்கும்போது ஒவ்வொன்றும் ஐந்து கிலோ இழுவையில் இருக்க வேண்டுமாம். அதற்கென்று கருவி விற்கிறார்கள். நாங்கள் மீன் நிறுக்கும் கொளுவித் தராசு ஒன்றை இரவல் வாங்கினோம். விறாந்தைச் சுவரில் ஓர் ஆணி, மறுமுனையில் தராசு, முள் ஐந்தில் நிற்கும்வரை ஒருவர் இழுக்க இன்னொருவர் நாடாவை வாசிக்க, மூன்றாமவர் கொப்பியில் எழுத, சின்னதும் பெரியதுமாக இருநூறுக்குக் கிட்ட நூல். இரண்டு இரவு. பின்வரிசை இரண்டு சென்றிமீற்றர் குறைந்திருந்தது. அப்படியிருந்தால் எப்போதும் கொஞ்சம் பிரேக் பிடித்த மாதிரி விங் மந்தமாக எழும்பி, பறக்கும்போது வேகமிழந்து விழப் பார்க்கும். அது அன்றோடு மண் பயிற்சிக்கு மட்டும். தராசு மீன்வாடையோடு வந்து மீன்வாடையோடே போனது. நூலிலும் கொஞ்சம் ஏறிவிட்டது, பூனை ஒன்று இன்னும் பையைச் சுற்றி வருகிறது.

இடங்கள். குடும்பிமலைக்குப் போய்ப் பார்த்தோம். ஏறுவதற்கு அழகான இடம். இறங்கக் காடுதான், காட்டில் யானை. அந்தக் கதை அதோடு முடிந்தது. பொத்துவில் பக்கத்து மணல்மேடுகள் நம்பிக்கை தந்தன. கடற்காற்று மேட்டில் மோதி மேலெழும்புமிடத்தில் விங்கைப் பிடித்தபடி நடந்தால் கால் இரண்டடி லேசாகித் திரும்பத் தரையைத் தொடும். அதைப் பறத்தல் என்று சொல்லமாட்டேன். தங்கச்சி சொல்கிறாள்.

மூன்றாவது எண்ணம், பெரும்போக அறுவடை முடிந்த வயலில் வின்ச் வைத்துக் கயிற்றால் இழுத்து ஏற்றுவது. தட்டையான நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். வவுணதீவுப் பக்கம் வயலுக்குக் குறைவில்லை. ஆனால் பறக்கிறவரைவிட வின்ச் பிடிக்கிறவருக்குப் பயிற்சி கூட வேண்டும், கயிற்றில் இழுவை கூடினால் அறுந்துவிட வேண்டிய பலவீன இணைப்புச் சரியாக இருக்க வேண்டும். பழகாமல் தொடமாட்டோம். பங்குனியில் தம்பியும் இன்னொருவரும் காம்ஷெட் போய் வந்தார்கள். தம்பி இப்போது 57 கிலோ, அவனுக்கேற்ற சின்ன விங் வாங்கியாகிவிட்டது. அம்மா பஸ் நிலையம்வரை வந்து வழியனுப்பினார்.

அனுமதி இன்னும் இழுபடுகிறது. வாவிக்கு அந்தப்பக்கம் விமானநிலையம் இருக்கிறது, கேட்காமல் எழும்புகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. ஓர் அலுவலகம் எங்கள் கடிதத்தை ஐந்து மாதம் வைத்திருந்து, "விமானத்தின் பதிவிலக்கம்" எங்கே என்று திருப்பி அனுப்பியது. காக்கா தைத்து ஒட்டுகிறேன் என்றார். புதுக் கடிதத்தோடு விங்கின் படம், எடை, கேட்கும் உயரம், கேட்கும் நேரம் எல்லாம் வைத்து அனுப்பியிருக்கிறோம்.

1978 இல் பிரான்சின் மியூஸியில் மூன்று பாரசூட்காரர்கள் மலைச்சரிவில் ஓடி எழும்பியதில்தான் இந்த விளையாட்டு ஊன்றியது. அவர்கள் ஓடியது விமானத்துக்குக் கொடுக்கும் காசை மிச்சம்பிடிக்க. இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, இந்த மாதச் சந்தாவும் அப்படி மிச்சமாகுமா என்று ஒருவர் கேட்டார்.

போன ஞாயிறு ஏழு மணிக்கே எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். மணல் கூட்டியாயிற்று, தம்பியின் விங்கைப் பையிலிருந்து எடுக்கப் போனோம். கயிற்றுச் சுருளில் உட்கார்ந்திருந்த மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, மூக்கைப் படுவான்கரைப் பக்கம் தூக்கினார். காற்றுப்பை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"கச்சான் வெளிக்கிட்டுட்டு மனே. கிறுகுங்க."

பை ஸிப்பை இழுத்துப் பூட்டினோம். தம்பி ஓடிப்போய்க் கரைவலைக் கயிற்றில் ஒரு கை பிடித்தான்.