கையொப்பமிட இடமில்லாதவர்கள்

தலைமையகத்திலிருந்து இன்று வந்த முகாம் அறிக்கைப் படிவத்தில் ஐந்து பொறுப்பாளர்கள் கையொப்பமிடக் கட்டங்கள் இருந்தன. முகாமை உண்மையில் நடத்திய 17 வயது அணித்தலைவிக்கு ஒரு கட்டமும் இல்லை.

கூடாரங்களை எங்கே அடிப்பது, இரவுக் காவலுக்கு யார் யார் என்பதையெல்லாம் முடிவு செய்தவள் அவள்தான். தன்னார்வலர்களான நாங்கள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றோம். (அதுவே எங்கள் வேலை என்பது என் கருத்து.)

1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியின் பொறுப்பையும் அவர்களுள் ஒருவனிடமே ஒப்படைத்தார். எங்கள் அமைப்பும் களத்தில் அம்முறையையே பின்பற்றுகிறது. தேசியக் குழு என்று வந்துவிட்டால் மட்டும் அது காற்றில் பறந்துவிடுகிறது.

ஐக்கிய நாடுகள் அவை தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வயது வரையிலானோரையே இளைஞர் எனக் கொள்கிறது.

அந்த வயதில் எங்கள் தேசியக் குழுவில் எவரும் இல்லை. ஆலோசனைக்கென ஓர் இளைஞர் மன்றம் இருக்கிறது. அது பரிந்துரைக்கலாம், வாக்களிக்க முடியாது. ஆகவே முகாம் கட்டணம்கூட அதைச் செலுத்துவோரைக் கேளாமலேயே முடிவாகிறது.

வாக்குரிமையுள்ள இரண்டு இடங்களை அவ்வயதினருக்கு ஒதுக்கக் கோரும் தீர்மானத்தை எங்கள் கிளை அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிகிறது. வழிமொழியுமாறு மற்றக் கிளைகளைக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.