சிங்காநல்லூரில் ஏறி வடசேரியில் இறங்கும்வரை கேட்ட தமிழ்

கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயில் இருக்கிறது. ஏறிப் படுத்தால் கண் விழிக்கும்போது ஊர் வந்துவிடும். அப்படியிருந்தும் நண்பனின் கல்யாணத்துக்குப் பகல் பஸ்ஸில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். தூங்கிக்கொண்டே போனால் வழியில் பேசுகிற தமிழ் எதுவும் காதில் விழாதே! மாப்பிள்ளை பொள்ளாச்சி, பெண் நாகர்கோவில், நான் மன்னார்குடியில் பிறந்து வேலைக்காகக் கோவைக்கு வந்தவன். மூன்று வட்டாரப் பேச்சும் ஒரே பந்தியில் உட்காரப்போகும்போது, இடையிலுள்ள ஊர்களையும் கேட்டுக்கொண்டே போவதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் காலையிலேயே ஏறினேன். பக்கத்து இருக்கையில் வெள்ளை வேட்டிப் பெரியவர். பல்லடத்தை நெருங்கும்போது அவருக்குப் போன் வந்தது. கோழித் தீவனம் அனுப்புவதாகச் சொன்ன ஆள் அனுப்பவில்லை போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது, கை நடுங்கியது, குரல் பஸ் முழுக்கக் கேட்டது. ஆனால் வாயில் வந்த சொற்கள் இவை: “ஏனுங்க, சொன்னாச் சொன்ன மாதிரி நடந்துக்கோணுமுங்க. இப்படிப் பண்ணுனா எப்படீங்க?” கோபம் ஏற ஏற ‘ங்க’வும் கூடவே ஏறியது. ஒரு வாக்கியம்கூட அது இல்லாமல் முடியவில்லை.

பல்லடத்தில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தார். திருப்பூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், சொந்த ஊர் பாளையங்கோட்டை. “அண்ணாச்சி, கோவத்துக்கே இம்புட்டு மரியாதையா? எங்க ஊர்ல பிரியத்துக்கே ஏலேன்னுதான் கூப்பிடுவோம்” என்றார். பெரியவர் போனை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். அதோடு பேச்சு தொடங்கிவிட்டது.

முதலில் தண்ணீர். கொங்குக்காரர்களிடம் சிறுவாணியைப் பற்றி யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. உலகத்தில் இதற்கு இணையான சுவை கிடையாது என்று பெரியவர் அடித்துச் சொன்னார். நெல்லைக்காரர் சளைக்கவில்லை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிறது, பிறந்த வீடும் புகுந்த வீடும் தமிழ்நாடுதான், வற்றாத ஆறு, அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அல்வாவுக்கு அந்தப் பதம் வராது என்று அடுக்கினார். கடைசியில் ஓர் அம்பை எடுத்தார்: சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் அல்லவா? பெரியவர் ஒரு நிமிடம் யோசித்தார். “தண்ணி எங்கிருந்து வந்தா என்னங்க, இனிக்குதுங்களா இல்லீங்களா?” பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ழகரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. நெல்லைக்காரர் தானும் சொல்லிப் பார்த்தார். ‘வாளப்பளம்’ என்றுதான் வந்தது. பெயரில் என்ன இருக்கிறது, பழம் நன்றாக இருந்தால் போதும் என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

தாராபுரத்தில் ஒரு பெண் ஏறினார். முப்பது வயதிருக்கும், காரைக்குடிக்குப் போகிறவர். ஏறியதும் போனில் “அப்பச்சிக்கு மாத்திரை கொடுத்தாச்சா?” என்று கேட்டார். அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டும் என்றும் பேச்சு வந்தது. பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேத்திக்கு முப்பது என்றால் அப்பச்சிக்கு எப்படி அறுபது? தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டார். கொங்குப் பக்கம் அப்பச்சி என்றால் அம்மாவின் அப்பா. செட்டிநாட்டில் அப்பச்சி என்றால் அப்பாவேதான். அந்தப் பெண் சிரித்து ஓய்வதற்குள் நெல்லைக்காரர் ‘ஆச்சி’யை இழுத்துவிட்டார். அவருக்கு ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டிலோ மதிப்போடு அழைக்கும் எந்தப் பெண்ணும் ஆச்சிதான். அந்தப் பெண்ணை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்களாம். “இந்த வயசிலயே ஆச்சியாயிட்டியளா தாயி!” என்று அவர் வாய் பிளந்தார்.

ஒட்டன்சத்திரத்தில் பெரியவர் இறங்கினார். “போயிட்டு வாரனுங்க” என்று எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார். நடத்துநருக்கும் ஒன்று.

மதுரையில் கோவை பஸ்கள் ஆரப்பாளையத்தோடு நின்றுவிடும். திருநெல்வேலிக்குப் போக மாட்டுத்தாவணிக்கு மாறவேண்டும். நடுவில் ஒரு டீ குடிக்காமல் மதுரையைக் கடக்க முடியுமா? டீக்கடைக்காரர், காலையில் வந்து கணக்குத் தீர்க்காமல் போன கூட்டத்தைப் பற்றிப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தாய்ங்க, குடிச்சாய்ங்க, போய்ட்டாய்ங்க. இந்த மூன்றே சொற்களில் முழுக் கதையும் முடிந்துவிட்டது. மாட்டுத்தாவணி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் ‘அங்கிட்டு’ என்று ஒரு கை, ‘இங்கிட்டு’ என்று இன்னொரு கை. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். கோவை என்றேன். குளிர்ச்சியான ஊர்தான், ஆனாலும் ராத்திரி பசித்தால் சோறு கிடைக்காதே என்று இரக்கப்பட்டார். தூங்கா நகரத்துக்காரர்கள் மற்ற ஊர்கள்மீது வைக்கும் பெரிய குற்றச்சாட்டு அதுதான்.

மாட்டுத்தாவணி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு வந்தவர் கோவில்பட்டிப் பெண், சென்னையில் கல்லூரியில் படிக்கிறார். என்னிடம் பேசும்போது வட்டாரச் சாயலே இல்லாத தமிழ். சாத்தூர் வந்ததும் அம்மாவின் போன். “ஆமாம்மா, சாத்தூர்ல நிக்கேன், இன்னும் செத்த நேரத்துல வந்துருவேன்” என்று குரலே வேறாகிவிட்டது. கேட்டேன். விடுதியில் முதல் வருடம் ‘நிக்கேன்’, ‘பாக்கேன்’ என்று பேசியதற்கு ஒரு கூட்டமே பின்னால் நின்று அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்ததாம். அதற்குப் பிறகு வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாராம்.

இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். காலையில் பெரியவரும் நெல்லைக்காரரும் ஒருவரை ஒருவர் சீண்டியதும் பேச்சை வைத்துத்தான். ஆனால் அங்கே இருவருக்கும் திருப்பிக் கொடுக்க வாய் இருந்தது, எதிராளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஆசையும் இருந்தது. விடுதியில் நடந்தது ஒருத்தியின் வாயை அடைக்கிற வேலை. இதே அநியாயத்தைச் சென்னைத் தமிழுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் துறைமுகத்திலும் சந்தையிலும் உழைப்பவர்களின் வாயில் கலந்து பிறந்த பேச்சு அது. ‘நாஷ்டா’ என்று சொல்லும் மனிதர் எந்த வகையில் என் ழகரத்துக்குக் குறைந்தவர்?

அந்த மாணவி கோவில்பட்டியில் இறங்கிய சிறிது நேரத்தில் இடைசெவல் வந்தது. கரிசல் மண், வேலிக்கருவை, சாலையோரத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை. பஸ் நிற்கவில்லை. 2021-ல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த ஊர் இது. ஊர் மக்கள் பேசிய சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குக்கென்றே ஒரு சொல்லகராதி கொண்டுவந்தவர். பின்னால் மற்ற வட்டாரங்களும் தங்கள் சொற்களுக்கு அகராதி தொகுக்க அது வழிகாட்டியது. ‘நிக்கேன்’ என்பதற்காகக் கூசிய பெண்ணின் வீட்டுக்கும் இந்த ஊருக்கும் இவ்வளவுதான் தூரம்! அவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

மதுரையில் என்னோடு பஸ் மாறி வந்த நெல்லை நண்பர் திருநெல்வேலியில் இறங்கினார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்புறம் சிறுவாணியைப் பற்றிப் பேசட்டும் என்பது அவர் கட்சி. வள்ளியூர் தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் வந்தன. ஆரல்வாய்மொழி கணவாயில் நுழைந்ததும் காற்று மாறியது, மண் மாறியது, இருட்டுவதற்குள் நாகர்கோவிலின் வடசேரி பஸ் நிலையம்.

கல்யாண வீட்டில் பெண்ணின் பாட்டி கொல்லைப்புற வாசலில் நின்றிருந்தார். அந்த வழியாக வந்த என்னைப் பார்த்து, “பைய வா மக்களே, தள்ளைக்கோழி கொத்திரும்” என்றார். ஏழெட்டுக் குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழி சிறகை விரித்துக்கொண்டு நின்றது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. செய்யுளில் வரத்தகும் சொற்களை நான்காகப் பிரிக்கும் தொல்காப்பியம், அவற்றில் ஒன்றாக, வட்டாரங்களிலிருந்து வரும் திசைச்சொல்லைச் சேர்க்கிறது. அதற்கு உரை எழுதியவர்கள் இன்றைய கேரளப் பகுதியான குட்டநாட்டில் இருந்தவர்கள் தாயைத் ‘தள்ளை’ என்பார்கள் என்று எடுத்துக்காட்டுச் சொல்கிறார்கள். பாடப்புத்தகத்தில் படித்து மறந்த அந்தச் சொல் நாகர்கோவில் கொல்லைப்புறத்தில் கோழியோடு உயிரோடு நிற்கிறது. பாட்டிக்கு என் பரவசம் புரியவில்லை. சோறு தின்றாயிற்றா என்று கேட்டார். எங்கள் ஊரில் விருந்தாளியிடம் ‘தின்’ என்று சொன்னால் சண்டை வரும். இங்கே அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதனால் பெண் வீட்டார் பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது என்று பொள்ளாச்சிச் சம்பந்திகள் சீண்டினார்கள். பாலக்காட்டுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இதைச் சொல்லலாமா என்று பெண்ணின் சித்தப்பா திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அவித்த கிழங்கு வந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் ‘குச்சிக்கிழங்கு’ என்றார்கள். பெண் வீட்டில் ‘மரச்சீனி’. நான் ‘மரவள்ளி’ என்று சொன்னதை இரண்டு தரப்புமே ஏற்கவில்லை. மாப்பிள்ளையின் பாட்டி மணப்பெண்ணை அருகில் உட்காரவைத்து, இனிமேல் நம் வீட்டில் இதைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்லோணும் அம்மணி என்று அன்பாகக் கட்டளையிட்டார். அந்தப் பெண் தலையாட்டினார். மற்ற நாட்களில் அப்படியே ஆகட்டும், மீன்குழம்போடு வைக்கும் நாளில் மட்டும் அது மரச்சீனிதான் என்றார். பாட்டி அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.