சாக்குக் கழிவும் செல்வந்தரின் மோட்சமும்

பரந்தன் பக்கம் உள்ள ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுவது என் வேலை. வன்னியில் நெல்லோடு சீவிக்கிற எல்லாருக்கும் ஒக்டோபர் என்றால் முன்பண மாதம். மாரி மழையை நம்பிக் காலபோகத்துக்கு விதைக்கிற நேரம் அது. உழவுக்கூலி, விதைநெல், உரம், களைநாசினி என்று கையில் இல்லாத காசுக்கெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் தேவை வரும். அடகு வைக்க நகை இல்லாதவர்கள், பழைய வங்கிக் கடனைக் கட்டி முடிக்காதவர்கள், குத்தகைக் காணி செய்கிறவர்கள் எங்கள் வாசலுக்கு வருவார்கள். முதலாளி காசு கொடுப்பார், நான் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அந்த நெல் எங்களுக்குத்தான் வர வேண்டும். விலை, அன்றைய சந்தை விலையை விடக் கிலோவுக்குச் சில ரூபா குறைவு. வட்டி என்று கொப்பியில் எங்கும் எழுதுவதில்லை.

2024 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு பூசையில் மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் வாசித்தார்கள். கத்தோலிக்கரின் வாசக ஒழுங்கில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பகுதி வரும், வருகிற மாதமும் எப்போதும் ஒக்டோபர்தான். வன்னியில் அது விதைப்பு மாதமாக அமைந்துவிட்டது. ஒருவர் ஓடி வந்து முழந்தாள்படியிட்டு, நிலைவாழ்வு பெற நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கட்டளைகளையெல்லாம் சிறுவயது முதல் கடைப்பிடித்தவர். உனக்கு ஒன்று குறைகிறது, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு, பிறகு வா என்கிறார் இயேசு. கேட்டவர் முகம் வாடிப் போய்விடுகிறார், ஏனென்றால் அவருக்குச் சொத்து ஏராளம். பிறகுதான் ஒட்டகமும் ஊசிக்காதும்: செல்வந்தர் இறையாட்சிக்குள் போவதை விட ஒட்டகம் ஊசிக்காதுக்குள் நுழைவது எளிது என்கிறார் இயேசு.

முதலாளி வழக்கம்போல முன்வரிசையில் இருந்தார். அடுத்த நாள் காலை கொப்பியைத் திறக்க முதலே கேட்டார்: "அப்ப காசு வைச்சிருக்கிறவனுக்கெல்லாம் மோட்சம் இல்லையோ, தங்கச்சி?"

நான் ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் என்னிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க யோசித்த முகம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு பையோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்தவர். திரும்பி வந்து ஒரு சின்ன அரைக்கும் மெசினோடு தொடங்கி, இன்று இரண்டு லொறி, களஞ்சியம், உலர்த்தும் தளம், ஊருக்குள் மாடி வீடு என்று வளர்ந்திருக்கிறார். எங்கள் கோவிலின் கூரை அவர் காசு. திருவிழா நவநாளில் ஒரு நாள் அவருடைய உபயம். வாசல் சுவரில் கறுப்புக் கல்லில் பெயர் இருக்கிறது. வேலைக்காரருக்குச் சம்பளம் ஒருநாளும் பிந்தியதில்லை. "இல்லாமல் இருந்து பார்த்தவன் நான். இனி ஒருக்காலும் அந்த நிலைக்குப் போக மாட்டன்" என்று அடிக்கடி சொல்வார். இந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். காசு கையில் இருந்தும் பிள்ளைக்குப் பால்மா வாங்க முடியாத நாட்களைக் கண்ட மனிதர்கள் வன்னியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த அனுபவம் சிலரைப் பணத்தின் பிடியிலிருந்து விடுவித்தது, எல்லாம் ஒரு நாளில் போகும் என்று கண்டபின் அவர்கள் கை தாராளமானது. வேறு சிலரை அதே அனுபவம் பணத்தோடு இறுக்கிக் கட்டிப்போட்டது. இரண்டு பேரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அவருக்கு யாரோ ஒரு பிரசங்கியார் ஆறுதல் சொல்லியிருந்தார். எருசலேம் மதிலில் ஊசிக்காது என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கி முழங்கால் போட்டால் அதற்குள்ளால் போகலாமாம். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை, அது பிற்காலத்தில் வந்த விளக்கம். இருந்திருந்தால் சீடர்கள் அப்படித் திகைத்துப்போய், "பின் யார்தான் மீட்புப் பெற முடியும்?" என்று கேட்டிருக்கவும் மாட்டார்கள். இயேசு சொன்ன மறுமொழி, மனிதரால் இது முடியாது, கடவுளால் முடியும் என்பது. அந்த இடத்தில் கதவு அடைபடவில்லை, ஆனால் பணக்காரர் தன் கெட்டித்தனத்தால் நுழையக்கூடிய வழியும் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். கூடவே, மாற்கு மட்டும் எழுதி வைத்த ஒரு வரியையும் சொன்னேன்: இயேசு அந்தப் பணக்காரரை அன்போடு பார்த்துத்தான் அதைச் சொன்னார். அந்த வரி அவருக்குப் பிடித்திருந்தது.

இங்கே இன்னொரு போதனையும் நன்றாகப் பரவியிருக்கிறது. செல்வம் என்பது கடவுளின் ஆசீர்வாதம், விசுவாசம் கூடினால் வீடும் வாகனமும் வரும் என்கிறது அது. இதை என்னால் ஏற்கவே முடியாது, அதுவும் இந்த மண்ணில் நின்றுகொண்டு. செல்வம் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்றால் முள்ளிவாய்க்காலில் எல்லாம் இழந்தவர்கள் யார்? கடைசி நாள்வரை பதுங்குகுழிக்குள் செபமாலை சொன்ன அம்மாக்களுக்கு விசுவாசம் போதவில்லையா? நூறு மடங்கு கிடைக்கும் என்று இவர்கள் எடுத்துச் சொல்கிற வாக்கு அதே மாற்கு பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த வரியிலேயே "இன்னல்களோடு" என்றும் இருக்கிறது, அதை மட்டும் வாசிக்காமல் விடுகிறார்கள்.

நவம்பர் கடைசியில் புயல் மழை. குளங்கள் நிரம்பி வழிந்து, வயல்கள் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. எங்கள் கொப்பியில் பெயர் இருந்தவர்களில் சிலருக்கு ஒரு பிடி நெல்லும் மிஞ்சவில்லை, சிலருக்குப் பாதி. தை பிறந்து, மாசி வந்து, தப்பிய வயல்களில் அறுவடை தொடங்கியது. அந்த 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று உத்தரவாத விலை அறிவித்தது. ஆனால் அந்த விலை 14 சதவீத ஈரப்பதன் உள்ள காய்ந்த நெல்லுக்கு. வெட்டுமெசின் வயலில் இருந்து நேரே மூடையில் கொட்டுகிற நெல் அப்படி இருக்காது. காயப்போட இடமும் நாளும் இல்லாதவர்கள் ஈரத்தோடே தனியாருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஈரத்துக்கு என்று நெல்லின் நிறையில் கழிப்பது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 20 சதவீத ஈரத்தோடு வருகிற 70 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் ஏறக்குறைய 5 கிலோ போய்விடும். அந்த நட்டத்தை ஆலைக்காரர் சுமக்க முடியாது. ஆனால் எங்கள் ஆலையில் ஈரம் அளக்கும் கருவி இல்லை. தராசில் நிற்கிற பொடியன் நாலு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பான், அவ்வளவுதான். சந்தேகம் என்றால் கழிவு கூடும். ஒருநாளும் குறையாது.

ஒரு நாள் முல்லைத்தீவு வீதிப் பக்கமிருந்து ஒரு அம்மா லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் நெல் கொண்டுவந்தா. மூடைக்கு மூன்று கிலோ கழிவு என்று பொடியன் சொன்னதும் நேரே என் மேசைக்கு வந்தா. "பிள்ளை, ரோட்டில நாலு நாள் காயப்போட்டு, வாகனம் ஏறாமல் காவல் இருந்து கொண்டு வந்த நெல். இதுக்கும் ஈரக் கழிவோ?" கையில் ஒரு பிடி வைத்திருந்தா. கடித்துப் பார்த்தேன், பல்லுக்குள் நொறுங்கியது. அந்த மூன்றில் இரண்டு கிலோ ஈரத்துக்கு, ஒன்று சாக்கின் நிறைக்கு.

அன்று பின்னேரம் வெறும் பைகள் பத்தை எடுத்துத் தராசில் போட்டேன். ஒன்றேகால் கிலோவைக்கூட எட்டவில்லை. சாக்குக் கழிவு ஒரு கிலோ என்பது சணல் சாக்குக் காலத்து வழக்கம். அந்தச் சாக்கு உண்மையிலேயே ஒரு கிலோ அளவுக்கு வரும். இப்போது நெல் வருவது பிளாஸ்டிக் இழைப் பையில், ஒன்று 125 கிராமுக்கும் குறைவு. சாக்கு மாறிவிட்டது, கழிவு மாறவில்லை. மூடைக்கு 875 கிராம் சும்மா எங்கள் பக்கம் வருகிறது. நாளுக்கு இருநூறு மூடை எடுத்தால் 175 கிலோ, 120 ரூபாப்படி 21,000 ரூபா. காலபோக அறுவடை முழுவதற்கும் கூட்டிப் பார்த்தேன். கோவில் கூரைக்குக் கொடுத்த காசை விட அது குறைவில்லை.

தெக்கோவாவில் ஆடு மேய்த்த இறைவாக்கினர் ஆமோசுக்கு இந்தத் தொழில் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அளவைச் சிறிதாக்கி, நிறையைக் கூட்டி, கள்ளத் தராசால் ஏமாற்றி, பதரையும் சேர்த்து விற்கிறவர்களைப் பற்றி எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். அவர்கள் ஓய்வுநாள் எப்போது முடியும், கடை திறக்கலாம் என்று காத்திருக்கிறவர்கள். அதாவது ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிறவர்கள்தான்! யாக்கோபின் கடிதம் ஐந்தாம் அதிகாரத்தில் பேசுவதும் வயலைத்தான்: அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பணக்காரர் கிறிஸ்தவராக இருக்கலாமா என்ற கேள்வியை நாங்கள் எப்போதும் கோவில் வாசலில் வைத்துத்தான் கேட்கிறோம். எவ்வளவு கொடுத்தார், எந்த உபயம், எத்தனை பிள்ளைகளைப் படிப்பிக்கிறார் என்று பார்க்கிறோம். அந்தக் கேள்வியைத் தராசடியில் வைத்துக் கேட்க வேண்டும். லூக்கா நற்செய்தியில் வருகிற பணக்கார வரிவசூல்காரர் சக்கேயுவைப் பாருங்கள். சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்று சொன்னவர் அதோடு நிற்கவில்லை, யாரையாவது ஏமாற்றி எடுத்திருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். தானமும் திருப்பிக் கொடுப்பதும் வேறு வேறு என்று அந்த வரிவசூல்காரருக்குத் தெரிந்திருந்தது.

சபைத் தந்தையர்கள், அதாவது ஆதித் திருச்சபையின் பெரிய ஆசிரியர்கள், இதில் ஒரே குரலில் பேசவில்லை. அலெக்சாந்திரியா கிளமெந்து, ஏறக்குறைய 200ஆம் ஆண்டளவில், மீட்படையும் செல்வந்தர் யார் என்றே ஒரு நூல் எழுதினார். செல்வம் ஒரு கருவி, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆசையைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்பது அவர் பக்கம். நாலாம் நூற்றாண்டில் செசரேயா பசிலியார் அவ்வளவு இலேசில் விடவில்லை. நீ பூட்டி வைத்திருக்கிற அப்பம் பசித்தவனுடையது என்றார். முதலாளிக்குக் கிளமெந்து பிடிக்கும். எனக்குப் பசிலியார். புரட்டஸ்தாந்துப் பக்கத்தில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, முடிந்தவரை சம்பாதி, சேமி, கொடு என்று பிரசங்கித்தவர். அதில் முதல் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் கன பேர். அயலானுக்குத் தீங்கு செய்து சம்பாதிக்கக்கூடாது என்றும் அதே பிரசங்கத்தில் அவர் சொல்லியிருக்கிறார். தன் வருமானம் 30 பவுணிலிருந்து 60, 90 என்று கூடியபோதும் வருடம் 28 பவுணிலேயே வாழ்ந்து மிச்சத்தைக் கொடுத்தவர் அவர். வருமானம் கூடியது, வாழ்க்கைச் செலவு கூடவில்லை. என் மனதில் ஒரு பணக்காரக் கிறிஸ்தவர் என்றால் அதுதான் அளவு.

சாக்கு நிறையை எழுதி முதலாளியிடம் கொண்டுபோனேன். "எல்லா மில்லிலயும் இதுதான், தங்கச்சி" என்றார். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு காலை பொடியனைக் கூப்பிட்டு, இனிப் பைக்குக் கால் கிலோ கழித்தால் போதும் என்றார். காய்ந்த நெல்லுக்கு ஈரக் கழிவு வேண்டாம் என்றும் சொன்னார். ஈரம் அளக்கும் கருவி வாங்கும் கதையை எடுத்தால் அடுத்த போகத்துக்குப் பார்ப்பம் என்கிறார். பழைய கழிவைத் திருப்பிக் கொடுப்பது பற்றி வாய் திறக்கவில்லை. சரி, கால் கிலோவுக்கு வந்ததே என்று சிலர் சொல்வார்கள். அந்த அம்மாவின் நெல்லுக்கு அது பிந்திவிட்டது.

வெள்ளத்தில் முழுதும் இழந்தவர்களின் கணக்கு அதைவிடப் பெரிய காரியம். பழைய ஏற்பாட்டில் நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். பஞ்ச காலத்தில் தானியத்துக்காக வயலையும் வீட்டையும் ஈடு வைத்தவர்கள் வந்து அழுகிறார்கள், நெகேமியா கடன் கொடுத்த பெரிய மனிதர்களைக் கூட்டி, இன்றே வயல்களைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார், அவர்களும் சம்மதிக்கிறார்கள். முதலாளி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெயர்களுக்கு நேரே "அடுத்த போகம்" என்று எழுதச் சொன்னார், தொகையில் ஒரு ரூபாவும் கூட்டாமல். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. கோவில் சுவரில் இருக்கும் கல்லை விட இந்தப் பக்கத்தைத்தான் நான் அவருடைய விசுவாசம் என்று சொல்வேன். பாதி அறுத்தவர்களிடம் மட்டும் முழுதாகத்தான் எடுத்தார். அதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.

மிச்சம் இருப்பது முன்பண விலை. கிலோவுக்குக் குறைக்கிற அந்தச் சில ரூபாவை நான்கு மாதத்துக்கு, பிறகு வருடத்துக்கு என்று கணக்குப் பார்த்து, அது எத்தனை வீதம் வட்டி என்று அவருக்குக் காட்டினேன். "அதையும் விட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஆனபடியால் ஆலையின் கணக்கையே விரித்து வைத்தேன்: அரிசியில் வருவது, தவிடு விற்று வருவது, உமி விற்று வருவது, கூலி, மின்சாரம், டீசல், லொறித் தவணை எல்லாம் கழித்து. மிஞ்சுகிறது, மாடி வீட்டுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போதுமானபடி மிஞ்சுகிறது. முன்பணம் எடுத்தவரிடமும் சந்தை விலைக்கே நெல்லை எடுத்து, கொடுத்த காசை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் அவரிடம் வைத்திருக்கிற கோரிக்கை. பாதிரியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பாதிரியாரிடம் நானும் பேசியிருக்கிறேன்.