முதலில் படம் வரைந்தது தப்பு: ஒரு பழைய தொழிற்சாலைக் கரையைத் திட்டமிட்ட கதை

நகராட்சியின் திட்டப் பிரிவில் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் ஆற்றங்கரை. அதில் எப்போதோ மூடிய எரிவாயு ஆலை, ஒரு மரக்கிடங்கு, இன்னும் உயிரோடிருக்கும் ஒரு படகுப் பட்டறை, நடுவே துருப்பிடித்த தண்டவாளம். சுற்றிலும் வேலி. ஊரில் பாதிப் பேர் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து மட்டும்தான் பார்த்திருப்பார்கள். ‘கரையை மக்களுக்குத் திறந்துவிட ஒரு திட்டம் தயாரிக்கவும்’ என்று ஒரே வரியில் குறிப்பு. ஒரு வருட வேலை என்று நினைத்தேன். ஒப்புதல் வாங்க நாலரை வருடம் ஆனது.

முதல் கோணல் என்னுடையதுதான். மண்ணைத் தோண்டிப் பார்ப்பதற்கு முன்பே படம் வரையச் சொல்லிவிட்டேன். வடிவமைப்பாளர்களும் அழகாக வரைந்து கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் மரம் நிழல் விரிக்கும் நடைபாதை, பட்டம் விடும் குழந்தைகள், தண்ணீரில் கால் நனைக்கும் ஜோடி. நூலகத்தில் ஒரு மாதம் மாட்டி வைத்தோம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்தப் படத்திலிருந்து ஒரு மரத்தை எடுத்தாலும், ஏதோ மக்கள் வீட்டுக்குள் புகுந்து திருடியது போல ஆகிவிட்டது.

எரிவாயு ஆலை என்றால் இப்போது பலருக்கும் பிடிபடுவதில்லை. இயற்கை எரிவாயு குழாயில் வருவதற்கு முந்தைய காலத்தில், நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கி வாயு எடுத்து, தெருவிளக்குக்கும் அடுப்புக்கும் அனுப்பினார்கள். வாயுவோடு தாரும் வந்து சேரும். அதைத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேர்த்து வைத்தார்கள். ஆலையை மூடியபோது தரைக்கு மேலே இருந்ததை இடித்து, அந்த இடிபாட்டைத் தொட்டிக்குள்ளேயே கொட்டி மூடிவிட்டார்கள்.

மண் ஆய்வு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பழைய வரைபடங்கள், உரிமங்கள், வான்வழிப் புகைப்படங்கள் என்று காகிதத்தில் தேடுவது, அப்புறம் துளை போடுவது. காகிதத்தில் எங்களுக்கு இரண்டு தொட்டிகள்தான் கிடைத்தன. மூன்றாவதைக் காட்டிக் கொடுத்தவர், அந்த ஆலையில் சின்ன வயதில் வேலை பார்த்த ஒரு பெரியவர். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு படத்துக்குப் பக்கத்தில் வந்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டார்.

“இந்த ஊஞ்சலை இங்கயா போடப் போறீங்கம்மா?”

“ஆமாங்கய்யா, ஏன்?”

“இதுக்கு நேர் கீழதாம்மா சின்னத் தொட்டி.”

அடுத்த மாதம் அங்கே துளை போட்டோம். பிளாஸ்டிக் குழாய்க்குள் மண் அப்படியே அடுக்கடுக்காக மேலே வரும். முதலில் செங்கல் துண்டு, அப்புறம் சாம்பல், அதன் கீழே நல்ல மண் போல ஒரு கை அகலம். மூன்று மீட்டருக்குப் பக்கத்தில் கருப்பாக, பளபளவென்று ஒரு பட்டை. குழாயை வெட்டித் திறந்ததும் அந்துருண்டை வாடை. பழைய பீரோவைத் திறந்தது போலவே இருந்தது. தாரில் இருக்கும் நாஃப்தலீன்தான் அது, அந்துருண்டை செய்யும் அதே சரக்கு. துளை போட்டவர் கையுறையைக் கழற்றாமலேயே குறிப்பேட்டில் எழுதினார். நான் ஊஞ்சல் இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

சரி, தார் கிடக்கிறது, தோண்டி எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் தோண்டுவதென்றால் அத்தனை லாரி மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அந்தச் செலவில் எங்கள் திட்டமே மூழ்கிவிடும். தொட்டிக்குள் கிடப்பதை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற இடத்தில் மேலே சுத்தமான மண் போட்டு மூடி, அதற்கேற்ற வேலைக்கு மட்டும் நிலத்தைப் பயன்படுத்துவது என்று முடிவானது. அமெரிக்காவின் சியாட்டிலில் 1956இல் நின்றுபோன இதே மாதிரி ஆலையை ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் பூங்காவாக்கி, அது 1975இல் திறக்கப்பட்டது. கோபுரங்களை இடிக்கவில்லை. மண்ணில் கழிவுச் சேறும் மரத்தூளும் கலந்து, எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்னும்படி விட்டார்கள். எங்கள் கூட்டங்களில் இந்தக் கதைக்கு நல்ல வரவேற்பு. அங்கே பூங்கா திறந்த பிறகும் துப்புரவு வேலை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதற்கு அவ்வளவு வரவேற்பில்லை.

மூடிய மண்ணில் பெரிய மரம் வைக்க முடியாது. வேர் மூடியைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். ஆகவே மோசமான பகுதியில் புல்வெளியும் மேடு கட்டி வைத்த புதர்களும் மட்டும். வீடுகள் அங்கிருந்து தள்ளி, அதிலும் நிலவறை கூடாது, தரைக்கடியில் ஆவி தேங்காமல் வெளியேற வழி வைக்க வேண்டும். இதை விளக்கிய கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, “எங்க மரமெல்லாம் எங்கங்க?” என்று கேட்டார். என்னிடம் அறிவியல் இருந்தது. அவரிடம் அந்தப் படத்தின் கைபேசிப் புகைப்படம் இருந்தது.

மண்ணைவிடப் பெரிய அடி கரைச்சுவர்தான். மேலே நின்று பார்த்தால் திடமாகத் தெரிந்தது. கீழே அனுப்பிய முக்குளிப்பவர், அதைத் தாங்கும் மரத்தூண்களின் ஒளிப்படங்களோடு வந்தார். எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரத்தூண் எத்தனையோ காலம் நிற்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த ஒரு முழம்தான் அழுகும், நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து. எங்கள் தூண்கள் அந்த இடத்தில் கடித்துப் போட்ட பென்சில் மாதிரி இருந்தன. சுவரை எடுத்துவிட்டுக் கரையைச் சரிவாக்கிச் செடி வைத்தால் செலவும் குறையும், மீனுக்கும் நல்லது. மரக்கிடங்குப் பக்கம் அப்படியே செய்தோம். ஆலைப் பக்கம் முடியாது. தார் ஆற்றில் கசியாமல் இத்தனை காலம் தடுத்துக்கொண்டிருந்தது அந்த ஓட்டைச் சுவர்தான். அங்கே இரும்புத் தகடு இறக்கிப் புதிதாகச் சுவர் கட்ட வேண்டும். முதல் கட்ட மதிப்பீட்டில் ஏறக்குறைய பாதி அதற்கே போனது. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குப் பாதிப் பணம் என்று மன்றக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நிலம் யாருடையது என்ற வில்லங்கம் தனிக்கதை. தண்டவாளத்தின் கீழிருந்த பட்டையான நிலம் ஒருவர் பெயரில், ஆற்றைத் தூர்த்து உருவாக்கிய ஓரம் எவர் பெயரிலும் இல்லை. ஒரு முழு வருடம் போனது. அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

கூட்டங்களில் ஒரு பெயர் மட்டும் தவறாமல் வரும்: ஸ்பெயினின் பழைய தொழில் நகரமான பில்பாவ். 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் வந்ததும் அந்த ஊரே மாறிவிட்டதாம், நாமும் அப்படி ஒன்று கட்டலாமே என்பார்கள். அங்கே ஆற்றில் கலந்த சாக்கடையைப் பிரித்துச் சுத்திகரிக்க எத்தனை வருடம் உழைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் கனடாவின் வான்கூவரில் பழைய தொழிற்பகுதியான கிரான்வில் தீவு. 1979இல் அங்கே சந்தை திறந்தபோது சிமெண்ட் கலவை ஆலையைத் துரத்தவில்லை. காய்கறிக் கடைக்குப் பக்கத்திலேயே கலவை லாரி போய்வந்தது. எங்கள் படகுப் பட்டறைக்காரர்கள் தங்களைக் காலி செய்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தார்கள். வரப்போகும் வீடுகளில் குடியேறுபவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தால் பட்டறை போய்விடும், அது உண்மை. அதனால் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு வேண்டாம், கிடங்கும் சிறு தொழிலும்தான் என்று விதியில் எழுதினோம். இந்தத் திட்டத்தில் நான் வரிக்கு வரி சண்டை போட்டது அந்த ஒரு பத்திக்குத்தான்.

வெள்ளத்துக்கு, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பழைய துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி போல கட்டடங்களையெல்லாம் உயர்ந்த மேடைமேல் ஏற்ற எங்களுக்கு வசதியில்லை. கீழ் நடைபாதை வருடத்தில் சில நாள் மூழ்கட்டும் என்று விட்டுவிட்டோம். இருக்கைகளைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு முடுக்கினோம், கீழ்மட்டத்தில் மின்சார வயரே கிடையாது. முதல் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி இறங்கியது. சேற்றை வழித்தெடுக்க ஆளை எந்தப் பிரிவு அனுப்புவது என்று மூன்று நாள் கடிதப் போக்குவரத்து. பராமரிப்பு யார் பொறுப்பு என்று திட்டத்தில் ஒரு வரி எழுத மறந்திருந்தோம்.

இதுவரை இருநூறு மீட்டர் வேலி போயிருக்கிறது. திறப்பன்று அந்தப் பெரியவர் வந்திருந்தார். சின்னத் தொட்டி இருந்த இடத்தில் இப்போது புல். ஓரத்தில் ஆலையின் வரலாற்றை எழுதி ஒரு பலகை வைத்திருக்கிறோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார்.

“மூடின வருஷம் தப்பும்மா” என்றார்.

காகிதத்தில் தேடினேன். அவர் சொன்னதுதான் சரி. புதுப் பலகைக்குச் சொல்லியிருக்கிறேன்.